மஞ்சள் பையைச் சேர்ப்பித்த அண்ணனுக்கு

போன வியாழக்கிழமை தேவகோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் மஞ்சள் பையை விட்டுவிட்டு, காரைக்குடியில் இறங்கிப் போன ஆள் நான்தான். பக்கத்து சீட்டில் இருந்த அண்ணனுக்கு இந்த நன்றி.

பையில் இருந்தது எங்கள் அப்பத்தாவின் பைண்டு புத்தகம். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் கல்கி வார இதழில் தொடங்கியபோது, வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு. வீட்டு உள்முற்றத்து வளவுத் தூணில் சாய்ந்தபடி எழுத்துக்கூட்டி நான் படித்த முதல் பெரிய கதை. கதையைவிடப் பக்கத்து விளம்பரங்களைத்தான் அதிகம் படித்தேன், அது வேறு விஷயம். அப்புறம் எவ்வளவோ படித்தாயிற்று. இன்று வந்தியத்தேவன் கொஞ்சம் வாயாடியாகத்தான் தெரிகிறான். ஆனால் பின்னட்டையில் அப்பத்தா எழுதிய பால் கணக்கு இருக்கிறதே, அது எந்தப் பதிப்பில் கிடைக்கும்?

அன்றைக்கு நல்ல மழை. உங்கள் துண்டில் பையைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். ஓரம் மட்டும் லேசாக ஈரம், அவ்வளவுதான்.

துண்டைத் துவைத்து அதே டைம் கீப்பரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன் அண்ணே. கூடவே வீட்டில் சுட்ட மனகோலமும் இருக்கிறது. நமத்துப் போவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.