பிராக்டிகல் மார்க்கை ஆன்சருக்குப் போடாதீங்க, எடுத்த ரீடிங்குக்குப் போடுங்க

எங்க பல்கலைக்கழக இயற்பியல் பாடத்திட்டக் குழுவுல இருக்குற பேராசிரியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசு கலைக் கல்லூரியில பிஎஸ்சி பிசிக்ஸுக்கு கெஸ்ட் லெக்சரர். லேப் நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்ல, நீங்களும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா வந்து போறவங்கதான். அதனால இந்த செமஸ்டர் பிராக்டிகல்ல நடந்ததை மட்டும் சொல்றேன்.

ஒரு பொண்ணுக்கு ஸ்பெக்ட்ராமீட்டர், அதாவது ப்ரிஸம் வழியா ஒளி எவ்வளவு வளையுதுன்னு அளக்குற கருவி, வந்துச்சு. ஜன்னல் வழியா தூரத்து மரத்துக்கு டெலஸ்கோப்பை ஃபோகஸ் பண்ணி, ஸ்லிட்டை மெல்லிசாக்கி, ப்ரிஸம் டேபிளை லெவல் பண்ணி, அந்த மஞ்சக் கோடு நகர்ந்துட்டே வந்து சட்டுனு திரும்புற இடத்தை திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் கோணம் படிக்கிற வெர்னியர் அளவுகோல்ல கண்ணை வச்சா. மினிமம் டீவியேஷன், அதாவது ஒளி ஆகக் குறைவா வளையுற கோணம், 48 டிகிரி கிட்ட வந்துச்சு, ஒளிவிலகல் எண் 1.62. அதே எக்ஸ்பெரிமென்ட் வந்த மத்த ரெண்டு பேரும் சீனியர் ரெக்கார்டுல இருந்த 39 டிகிரியை மனப்பாடமா எழுதி 1.52னு முடிச்சாங்க. அவங்களுக்கு ஃபுல் மார்க், இவளுக்கு விடை தப்புன்னு சிவப்பு மையில சுழிச்சு மார்க் குறைச்சாச்சு.

சார், மூணு பேருக்கும் குடுத்தது ஃப்ளின்ட் கண்ணாடி ப்ரிஸம். பழைய கிரவுன் கண்ணாடி ப்ரிஸம் எல்லாம் ஓரம் உடைஞ்சு போனதால மாத்தினது, அந்த 39 டிகிரியும் 1.52ம் கிரவுனுக்கு உள்ளது. 60 டிகிரி ஃப்ளின்ட் ப்ரிஸத்துல சோடியம் வெளிச்சத்துக்கு 39 டிகிரி வரவே வராது. நான் போய் எக்ஸாமினர்கிட்ட சொன்னேன், மார்க் போடுற ஸ்கீம்ல 1.52தான் இருக்கு, என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க.

அந்த ரெண்டு பிள்ளைங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒரே ஒரு சோடியம் லேம்ப், அதைச் சுத்தி அஞ்சாறு பேரு, ஒருத்தர் கண்ணை வச்சுப் பார்த்துச் சொல்ல மத்தவங்க எழுதிக்கிட்டு சாயந்திர பஸ்ஸைப் பிடிக்க ஓடுறாங்க, மூணு வருஷமும் இப்படியே போனா எப்படிக் கத்துக்குவாங்க? ஆனா கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட ஒருத்தியையும் நாம தண்டிச்சுட்டோமே, அதைத்தான் தாங்க முடியல.

1906ல பிரசிடென்சி காலேஜ்ல மாணவரா இருந்த சி.வி. ராமன் ஸ்பெக்ட்ராமீட்டர்ல ப்ரிஸத்தை வச்சுப் பார்க்குறப்ப ரெண்டு பக்கமும் சமமா இல்லாத பட்டைகள் தெரிஞ்சு, அது ஏன்னு தேடிப் போய்த்தான் 18 வயசுல தன்னோட முதல் கட்டுரையை பிலசாபிகல் மேகசின்ங்குற அறிவியல் இதழ்ல போட்டாரு. வருஷா வருஷம் தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28க்கு அவர் படத்தை வச்சுப் பேச்சுப் போட்டி நடத்துறோம், லேபுல மட்டும் ரெக்கார்டுல இல்லாதது எதுவும் வரக்கூடாதுங்குறோம்.

இதுல அடிபடுறது யாருன்னும் பாருங்க. தமிழ் மீடியத்துல பிஎஸ்சி முடிக்கிற பிள்ளைக்கு ஐஐடியில எம்எஸ்சி சேர ஜாம் தேர்வு இங்கிலீஷ்ல மட்டும்தான், அதைத் தாண்டி ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு வரைக்கும் போனா அங்க இங்கிலீஷும் இந்தியும்தான். அந்தக் காலத்துல இயற்பியல் ஆராய்ச்சியாளர் அன்னா மணி, ராமன் லேபுல வைரத்தையும் மாணிக்கத்தையும் வச்சு வருஷக்கணக்கா அளந்து ஆய்வேடு குடுத்தும், எம்எஸ்சி இல்லைன்னு சென்னைப் பல்கலைக்கழகம் பிஎச்டி தரல. கையில வேலை தெரிஞ்சவங்களை ஒரு விதியைக் காட்டித் திருப்பி அனுப்புறது நமக்குப் பழகிப் போச்சு, முதல் தலைமுறையா படிக்க வர்ற பொண்ணு இதையெல்லாம் பார்த்தா பிசிக்ஸ் நமக்கு இல்லன்னுதான் பி.எட் பக்கம் போயிடுறா.

மன்னிக்கணும், விஷயத்தை விட்டு எங்கயோ போயிட்டேன். ஜாமும் நெட்டும் உங்க கையில இல்ல, வேல்யுவேஷன் ஸ்கீம் உங்க கையிலதான் இருக்கு. ஸ்டாண்டர்டு வேல்யூவோட ஒத்துப் போறதுக்கு மார்க் குடுக்குறதை எடுத்துடுங்க. லேபுல அன்னன்னிக்கு எடுத்த ரீடிங்கை அன்னிக்கே பென்சில்ல இல்லாம பேனாவுல எழுதி வாத்தியார் கையெழுத்து வாங்கினா அதுக்கு மார்க் குடுங்க, பிழை எவ்வளவு, ஏன் வந்துச்சுன்னு சொந்தமா ரெண்டு வரி எழுதினா அதுக்கும் குடுங்க. இதுக்குப் புதுசா ஒரு பைசா நிதி வேண்டாம். அடுத்த போர்டு மீட்டிங் அஜெண்டாவுல இதை ஒரு ஐட்டமா சேர்த்து, மார்க் எடுத்த ரீடிங்குக்குத்தான்னு ஒரு வரி ஸ்கீம்ல போட்டு எல்லாக் கல்லூரிக்கும் அடுத்த செமஸ்டருக்கு முன்னாடி அனுப்பி வைக்கணும்னு பணிவோட கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் கெஸ்ட் லெக்சரர்