அண்ணா, சுவர் கிடையாது

அண்ணா,

உன் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, உனக்குத் தேர்தல் விளம்பரம் எழுத மதில் சுவரைக் கேட்டார்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். உன் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்க்க அம்மாவுக்கும் ஆசைதான், ஆனால் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தவனே நீதானே.

1996 தேர்தல், டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலம். அப்பா சுவரைத் தெரிந்தவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஒரு ராத்திரி எட்டிப் பார்க்க வந்த சப் கலெக்டர் நீ, சாப்பிடக்கூட உட்காராமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு வாளியோடு இறங்கிவிட்டாய். நான் டார்ச் பிடித்தேன். "சேஷன் காதுக்குப் போனால் என் வேலை காலி" என்று சிரித்தாய், மூக்கெல்லாம் சுண்ணாம்பு. அப்பா வெகுநாள் உன்னோடு பேசவில்லை. எனக்கு அன்றைக்கு உன்னைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை.

அதனால்தான் என் வீட்டுக்காரர் டிரான்ஸ்ஃபருக்கு நீ ஒரு போன் போட மாட்டேன் என்றபோதும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வருஷம் அவர் ஒரு ஊர், நானும் பிள்ளைகளும் ஒரு ஊர். இப்போது வீடு வீடாகக் கைகூப்பப் போகிறாயாமே!

கேபினட் செயலாளர் வரை போன மனுஷன் உன் சேஷன், தன்னோடு கூட இரண்டு தேர்தல் ஆணையர்களைப் போட்டதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் 1995இல் தோற்றபோது முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாய். 1997இல் அவர் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், சரி. 1999இல் காங்கிரஸ் சீட்டு வாங்கிக் காந்திநகரில் அத்வானியிடம் தோற்றபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்றது யார்?

உன்னைக் கடைசியில் எந்த மூலையில் உட்கார வைத்தார்கள், ஏன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உன் பேட்ச்காரர்களும் இதைப் படிப்பார்கள், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் பதவியில் இருக்கிறார்கள், அதனால் இங்கே எழுதவில்லை. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதற்கு இந்தக் கட்சியா?

அப்புறம், வேட்புமனுவோடு சொத்து விவரம் சொல்லும் பிரமாணப் பத்திரம், அந்தப் படிவம் 26, கொடுக்கும்போது இந்த வீட்டில் உன் பங்கையும் காட்டவேண்டும். பத்திர நகல் என்னிடம்தான் இருக்கிறது, டிரைவரை அனுப்பு. நீயே வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.