பலகையில் கோடு கிழித்தவர்களுக்கு

எங்கள் கிளையாருக்கும், வெளியில் நின்று கைகொடுத்தவர்களுக்கும்,

கிண்ணியாக் கிளையும் திருகோணமலைக் கிளையும் ஒன்றாகி ஆறு மாதம். பேரேடுகள் கட்டுக்கட்டாக அலுமாரிக்குப் போய்விட்டன, கணக்கெல்லாம் கணினியில். ஒருவருக்கும் வேலை போகவில்லை. மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. விலாசம் பிழைத்து வந்த கடிதம் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இணைப்பு விஷயம் எனக்குத் தை மாதமே தெரியும். முடிவாகுமுன் சொல்லி உங்களை ஏன் பதறவைப்பான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் நன்மைக்கு என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் உங்கள் கேள்விகளுக்குப் பயம். நான் சொல்லாததைத் தேநீர்க் கடைகள் சொல்லின, பாதிப் பேருக்கு வேலை இல்லையாம் என்று. காசாளர் தங்கச்சி ஒரே பற்றுச்சீட்டை மூன்று தரம் எழுதிக் கிழித்ததைப் பார்த்தும் நான் பேசவில்லை.

தேநீர் தரும் அக்கா ஒரு நாள் பிளேன்ரீயை வைத்துவிட்டு நகராமல் நின்றார். "சேர், நல்லதோ கெட்டதோ சொல்லிப்போடுங்கோ. தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லுங்கோ. பிள்ளையள் நித்திரை கொள்ளுதுகள் இல்லை." அன்று பின்னேரமே எல்லோரையும் கூப்பிட்டேன். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

அறிவித்தல் பலகையின் நடுவே கோடு கிழித்து 'தெரிந்தது', 'இன்னும் தெரியாதது' என்று திங்கள்தோறும் எழுதச் சொன்னவர் கிண்ணியா நானா. முதல் வாரம் தெரியாத பக்கத்தில் 11 வரி. எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் சத்தம் திரும்பியது. கோபச் சத்தம்தான், பரவாயில்லை.

உளவளத்துணையாளர் அம்மாவிடம் நான் கேட்டது ஒரு நாள் மூச்சுப் பயிற்சி. அவரோ, "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தபோது நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்றே சொன்னதாம். உடம்பு ஓய்ந்துபோவது, வேலையில் வெறுப்பு, 'என்னால் ஏலாது' என்ற எண்ணம், மூன்றும் எங்களிடம் இருந்தன. சரி, திருத்த வேண்டியது வேலையைத்தான். பகலில் கணினியிலும் இரவில் பேரேட்டிலும் ஒரே கணக்கை எழுதிய கூத்தை நிறுத்தினோம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

கணக்குப் பகுதி அண்ணர் ஓய்வூதியக் கடிதமே எழுதி வைத்திருந்தார். அவரைத் தடுத்தது நானல்ல. நம்முடைய சிங்களத் தம்பி ஒரு அப்பியாசக் கொப்பியில் கணினித் திரையைப் பென்சிலால் கீறி, எந்தப் பொத்தானுக்கு அடுத்து எது என்று அம்புக்குறி போட்டு, அரைகுறைத் தமிழில் எழுதிக் கொடுத்தான். 'அழுத்து' என்பதற்கு எல்லா இடத்திலும் 'அமுத்து'. அண்ணர் திருத்த விடவில்லை.

கன்னியாவுக்கு வான் பேசியாயிற்று. ஞாயிறு காலை 6 மணிக்கு அநுராதபுரச் சந்தியில் நில்லுங்கள். ஏழு வெந்நீர்க் கிணற்றில் எது கூடச் சூடு என்ற சண்டையை அங்கேயே தீர்ப்போம். பலகையில் தெரியாத பக்கத்தில் இன்னும் இரண்டு வரி கிடக்கிறது. திங்கட்கிழமை பார்ப்போம்.