குடியிருப்போர் நலச் சங்கம், மணலி, வடசென்னை: செயலாளரின் ஆண்டறிக்கை 2025-26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, மழைநீர் வடிகால், நாய்த் தொல்லை ஆகியவை குறித்து மனு கொடுத்தோம். விளக்கு எரிகிறது, மற்ற இரண்டும் பரிசீலனையில் உள்ளன. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் சிறப்பாக நடந்தன. கயிறு இழுக்கும் போட்டியில் வென்றது எந்தத் தெரு என்ற தகராறு தீராததால் அதை இங்கே பதிவு செய்யவில்லை.

இவ்வாண்டு புதிதாகத் தொடங்கியது ஞாயிறு மாலைப் பேச்சு. ஆலை மதில்களை ஒட்டியே குடியிருக்கிறோம். உள்ளே என்ன தயாராகிறது என்று பிள்ளைகள் கேட்டால் 'கெமிக்கல்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர்களையே பேச வைத்தோம். மேடைக்கூச்சம் முதல் பத்து நிமிடத்தோடு சரி. பிறகு அவர்களை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

முதல் பேச்சு, நாம் இன்னும் எம்.ஆர்.எல். (மெட்ராஸ் ரிஃபைனரீஸ்) என்றே சொல்லும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை பற்றியது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 1965இல் உருவாக்கிய நிறுவனம் அது. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கியது. இன்று சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) என்ற பெயரில் அதன் திறன் 105 லட்சம் டன். கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுகிறார்கள். லேசான வாயு உச்சியிலும், அடுத்தடுத்து நாப்தா என்னும் பெட்ரோல் போன்ற லேசான திரவம், மண்ணெண்ணெய், டீசலும், அடியில் கனத்த கசடும் பிரிகின்றன. பிரிந்தவற்றில் சில குழாய் வழியே பக்கத்து ஆலைக்குப் போகும்போதுதான் ரசாயனத் தொழில் ஆரம்பமாகிறது.

அதிகக் கூட்டம் வந்தது சோப்புத்தூள் பேச்சுக்கு. மண்ணெண்ணெயில் 10 முதல் 13 கரியணுக்கள் கிளையில்லாமல் நேராகக் கோத்த மூலக்கூறுகள் உண்டு. நுண்துளைச் சல்லடை போன்ற ஒரு பொருள் அவற்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது. மீதி மண்ணெண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கே திரும்புகிறது. பிடித்ததிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனைக் கழற்றி, பென்சீனுடன் இணைத்தால் லீனியர் ஆல்கைல் பென்சீன். நம் பக்கத்துத் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் செய்வது இதைத்தான். வாங்கிச் செல்லும் கம்பெனிகள் கந்தக ட்ரையாக்சைடும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சலவைத்தூளுக்கான நுரைப்பொருளாக்குகின்றன.

நேர்ச்சங்கிலி ஏன் என்று ஓர் அம்மா கேட்டார். கிளைச்சங்கிலியைப் பாக்டீரியாக்களால் எளிதில் தின்ன முடியாது. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகள் நுரைத்தது அதனால்தான். அப்படியானால் 2019 டிசம்பரில் மெரினாவில் நுரை ஒதுங்கியதே என்று அவர் விடவில்லை. பாக்டீரியா தின்ன நேரமும் ஆக்சிஜனும் வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடை நேரே கடலுக்குப் போனால் எந்தச் சங்கிலியும் உதவாது என்று பதில் வந்தது. அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது சுத்திகரிப்பு ஆலையில் கிடைக்கும் புரோப்பிலீன் என்ற வாயு. அதை ஆக்சைடாக்கி, தண்ணீருடன் சேர்த்தால் புரோப்பிலீன் கிளைக்கால். வேறு வழியில் கொண்டுபோனால் மெத்தை நுரைக்கான பாலியால். மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் இரண்டையும் செய்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்த செய்தி இங்கே பேச்சின் போக்கையே மாற்றியது. அம்மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் இருந்த நஞ்சு டைஎத்திலீன் கிளைக்கால், அதாவது எத்திலீன் வழியில் வரும் வேறு பொருள். மருந்தில் கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் அதுவும் பார்வைக்கு ஒன்றே: நிறமற்றவை, பிசுபிசுப்பானவை, இனிப்பானவை. ஆய்வகச் சோதனை ஒன்றே வேறுபடுத்திக் காட்டும். தொழிற்சாலைத் தரத்தையும் மருந்துத் தரத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் கொலைக்குச் சமம் என்று பேச்சாளர் ஐயா சற்றுக் கோபமாகவே சொன்னார். குடிமருந்து வாங்குவோருக்கு இதைவிடப் பயனுள்ள தகவலை நம் சங்கம் இதுவரை தந்ததில்லை என்பது என் கருத்து.

எம்.எஃப்.எல். (மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்) உரம் பற்றிய பேச்சு சுருக்கமாக அமைந்தது. நாப்தாவை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜன் எடுத்து, காற்றின் நைட்ரஜனுடன் இரும்பு வினையூக்கியின் மேல் இணைத்து அம்மோனியா. அதோடு கரியமில வாயு சேர 'விஜய்' யூரியா மூட்டை. 2019இல் நாப்தாவுக்குப் பதில் இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக எண்ணூர் முனையத்துக்குக் கப்பலில் வரும் எரிவாயு அது.

பிளாஸ்டிக் குடமும் இங்கேதான் பிறக்கிறதா என்று ஒரு மாணவன் கேட்டான். நாப்தாவை உடைத்துப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனை எடுக்கும் கிராக்கர் ஆலை மணலியில் கிடையாது. குஜராத்திலும் ஹால்டியாவிலும் பானிப்பட்டிலும் இருக்கிறது.

இரவு வரும் அழுகிய முட்டை வாடை குறித்து உரிய அலுவலகத்தில் மீண்டும் மனு கொடுத்துள்ளோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே மணலியைக் கடும் மாசுப் பகுதியாகப் பட்டியலிட்டதை மனுவில் குறிப்பிட்டோம். ஆலையைத் தெரிந்துகொள்வதால் வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. எந்த வாயு என்று பெயர் சொல்லிப் புகார் எழுத முடிகிறது. ஃப்ளேர், அதாவது ஆலைப் புகைபோக்கியின் உச்சித் தீ, கொழுந்துவிட்டு எரிந்தால் அது மிகை வாயுவை எரித்துத் தள்ளுவது என்று இப்போது தெரிந்துவிட்டது. எனவே நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுவில் பீதி கிளப்ப வேண்டாம் என உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்கவும். பேசிய மூத்த தொழிலாளர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் பிரிவுக்கும் நன்றி. அடுத்த ஆண்டு முதல் பேச்சு மசகு எண்ணெய் பற்றியது. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

செயலாளர்