துளி பிறக்கும் இடம் வெறும் தண்ணீர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்லுக்குள் புரதங்கள் துளிகளாகத் திரள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2009-இல் ஒரு சிறு புழுவின் கருவில் பி துகள்கள் (புரதமும் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த திரள்கள்) திரவம்போல ஒழுகி ஒன்றுசேர்வதை பிராங்வின், ஹைமன் குழுவினர் கண்டதைக் கட்டுரையாளர் அழகாக விளக்கியிருந்தார். தண்ணீரில் எண்ணெய் பிரியும் உவமையும் சரிதான். ஆனால் செல்லுக்குள் அந்தத் 'தண்ணீர்' எப்படிப்பட்டது என்று சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை புரதமும் ஆர்.என்.ஏ.வும் அடைந்து கிடக்கின்றன. இந்த நெரிசலில் ஒவ்வொரு புரதத்தைச் சுற்றியும் மற்ற மூலக்கூறுகளின் மையம் நுழைய முடியாத ஓர் ஓரம் இருக்கும். இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொண்டால் அந்த ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மற்றவை நடமாடக் கொஞ்சம் இடம் மிச்சமாகும். கூட்டம் அவற்றை நெருக்குவது இதனால்தான். அசகுரா, ஊசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1954-இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நெரிசல் கூடினால், குறைந்த செறிவிலேயே துளி உருவாகிவிடலாம்.

சோதனைக்குழாயில் இந்த நெரிசலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் செயற்கைப் பாலிமரைத்தான் கலக்கிறார்கள். அது வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பொருள் இல்லை. சில புரதங்களோடு லேசாக ஒட்டவும் செய்யும். அப்புறம், செல்லில் கூட்டம் சேர்ப்பவை சின்னதும் பெரியதுமாகப் பல அளவுகளில் இருக்கின்றன. 2018-இல் வந்த ஓர் ஆய்வில், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் செறிவு குறைந்ததும் ஈஸ்ட்டிலும் மனித செல்களிலும் துளிகள் உருவாவது குறைந்தது. உயிருள்ள செல் தன் நெரிசலைத் தானே கூட்டிக் குறைக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உப்பு மிகுந்த கரைசலில் செல் சுருங்கும்போது உள்ளே நெரிசல் ஏறுகிறது. உடனே டபிள்யூ.என்.கே.1 என்ற நொதி துளிகளாகத் திரண்டு, பழைய பருமனை மீட்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. நெரிசலையே செல் ஒரு செய்தியாகப் படிக்கிறது!

அடுத்த பகுதியில் நரம்பு நோயோடு தொடர்புள்ள எஃப்.யூ.எஸ். புரதம் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முடிவும் குழாயில் கிடைத்ததா, செல்லுக்குள் கிடைத்ததா, குழாய் என்றால் என்ன கலந்து கிடைத்தது என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உயிர்வேதியியல் படித்த ஒரு வாசகி