பொது அரவைக்கூடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மும்முனை மின் இணைப்பு வாங்கி, சாமை அரவை இயந்திரங்களைப் பொருத்தும் பணி நிறைவடைந்துவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு கூடத்துப் பலகையில் உள்ளது.

வீட்டுக்கு வீடு கரண்ட் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பள்ளி, ஊராட்சி போன்ற பொது இடங்களோடு 100க்கு 10 வீட்டில் இணைப்பு இருந்தாலே அரசுக் கணக்கில் அது மின்மயமான ஊர். அந்தக் கணக்கில்தான் 2018 ஏப்ரல் 28இல் நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது. ஆனால் விளக்கு எரிந்தால் மட்டும் வருமானம் கூடாது. நம் கொல்லிமலை மரவள்ளி லாரி ஏறி சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மோட்டார் ஓடும் இடத்தில்தான் கூலியும் லாபமும் தங்குகின்றன. சாமையைப் பலர் கைவிட்டதற்கு உலக்கை பிடிக்கும் பெண்களின் பாடும் ஒரு காரணம்.

உமி நீக்க 2 எச்.பி., மாவரைக்க 5 எச்.பி. மோட்டார் போட்டிருக்கிறோம். மோட்டார் எரிவதற்குக் குறைந்த வோல்டேஜ் ஒரு முக்கியக் காரணம். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 330 வந்தால் மோட்டாரின் சுழற்றும் விசை மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கரண்டை அதிகம் இழுத்து மோட்டாரின் கம்பிச் சுருள் சூடேறும். மாலையில் ஊர் விளக்குகள் எரியும்போது வோல்டேஜ் இறங்கும், ஆகவே அதற்கு முன்பே அரவையை முடித்துவிட வேண்டும். தானியத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடக் கூடாது. முழு வேகம் வந்த பிறகே தொட்டிக் கதவைத் திறக்கவும்.

மூன்றில் ஒரு முனை போயிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது. சில நிமிடங்களில் சுருள் கருகிவிடும். இதற்காகவே முனை தவறினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை ஸ்டார்ட்டரோடு சேர்த்திருக்கிறோம். லைன் பழுது பார்த்த பிறகு சுற்றும் திசையைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு முனை இடம் மாறியிருந்தால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றும்.

சாமையை நன்றாகக் காயவைத்து, கல் நீக்கி, சலித்துப் பெரிய மணி, சிறிய மணி எனப் பிரித்துக் கொண்டுவாருங்கள். கலந்து போட்டால் பெரியது குருணையாகும், சிறியது உமி நீங்காமலே வெளியே வரும். ஈரம் இருந்தால் உமி கழலாது. வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று புல்லியை மாற்ற வேண்டாம். அதனால் நொய்தான் கூடும்.

கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அடிக்கடி விழுந்தால் அதன் அளவைக் கூட்டிவைத்து ஓட்டக் கூடாது. பெல்ட் இறுக்கம், பேரிங், வோல்டேஜ் மூன்றையும் இந்த வரிசையில் பார்த்துவிட்டுச் செயலாளரிடம் சொல்லவும்.

திருப்பணிக் குழு