டிசம்பரில் கோடாலி எறியப் போகும் முன்

டொராண்டோ

அன்புத் தம்பி பிரபுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தண்டையார்பேட்டையில் அம்மா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? "கோடாலிய வீசுறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று அம்மா போனில் கேட்டாங்க. அதில் பாதிதான் பேச முடிந்தது, மீதியை எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

நீங்கள் வரும் டிசம்பரில் இங்கே மாலை நாலே முக்கால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். வெளியே நிற்க முடியாத குளிர். அதனால் பிறந்தநாள், ஆபீஸ் கூட்டம் எல்லாமே கூரைக்குக் கீழேதான். கோடாலி எறிவதும் அப்படிப் பரவியதுதான். 2006-ல் இதே டொராண்டோவில் மேட் வில்சன் என்பவர் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் நண்பர்களோடு ஆரம்பித்தார். இன்று பல நாடுகளில் இதற்கென்றே கூடங்கள் இருக்கின்றன. போட்டிச் சங்கங்களும் உண்டு.

விறகு பிளக்கும் பெரிய கோடாலி என்று நினைக்காதீர்கள். இது கைக்கோடாலி. இரும்புத் தலை 600 முதல் 800 கிராம், மரக் காம்பு ஒன்றேகால் அடி போல இருக்கும். எதிரே செங்குத்தாக அடித்த பலகைகள், அதில் வட்டங்கள். நடுவட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரம். பலகை பாப்ளர், பைன் மாதிரி மெது மரம். நம்ம வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையில் கிடைக்கும் தேக்கோ கோங்கோ போட்டால் கோடாலி தெறித்துத் திரும்பும். நாரின் ஓட்டமும் மேலிருந்து கீழாகத்தான் இருக்க வேண்டும். கூர்முனையும் செங்குத்தாக வருவதால் நாருக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்ளும். பலகை காய்ந்தால் பிடிக்காது, அதனால் நடுநடுவே தண்ணீர் தெளிப்பார்கள்.

பலம் வேண்டுமா என்றால், வேண்டாம். இதை முதலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு, ஏனென்றால் பலம் காட்டுகிறவர்களுக்குத்தான் முதல் அரைமணி நேரம் ஒன்றுமே குத்தாது. பலகையிலிருந்து 12 அடி தள்ளி நின்று எறிந்தால் கோடாலி காற்றில் சரியாக ஒரு சுற்று சுற்றிக் கூர்முனையோடு போய்ச் சேரும். அந்த ஒரு சுற்றுதான் கணக்கு. வேகம் கூட்டினால், மணிக்கட்டை மடக்கி வெட்டினால், சுற்று மாறிவிடும்.

காம்பின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடி. கட்டைவிரலைக் காம்பின் மேல் நீட்டாதே, அது விடும் நேரத்தில் இழுக்கும். வியாசர்பாடிப் பசங்க ஃபுட்பாலில் த்ரோ-இன் எடுப்பார்களே, அதே அசைவு: தலைக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டு கையும் நேராக முன்னே வரும்போது, கண் மட்டத்தில் விட்டுவிட வேண்டும். விட்ட பிறகும் கை முன்னே போய் முடியட்டும். சீக்கிரம் விட்டால் மேலே கம்பிவலைக்குப் போகும், தாமதித்தால் தரையில் விழும். கூர்முனை கொஞ்சம் சாய்ந்திருந்தால் தலையின் பக்கவாட்டு பட்டு 'டப்'பென்று விழுந்துவிடும்.

குத்தவில்லை என்றால் எறிவதை மாற்றாதே, நிற்கும் இடத்தை மாற்று. பலகையில் முதலில் எது பட்டது என்று பார். காம்பின் அடி பட்டால் சுற்று போதவில்லை, அரையடி பின்னால் போ. தலையின் உச்சி பட்டு, காம்பு உன் பக்கம் நீட்டிக்கொண்டு விழுந்தால் சுற்று அதிகம், அரையடி முன்னே வா. ஆனால் தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டக் கூடாது. உயரமான சித்தப்பா மகனும் சின்னப் பெண்ணும் ஒரே இடத்தில் நின்றால் ஒருவருக்குத்தான் குத்தும், அவரவர் இடம் கண்டுபிடிக்கும் வரை பொறுமையாக இருங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். எறியும்போது எல்லோர் கண்ணும் கோடாலி மேல்தான் இருக்கும். கவனம் போவது அதற்குப் பிறகுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேன், இரண்டு பேரும் எறிந்து முடித்த பிறகு சேர்ந்தே போய் எடுக்க வேண்டும். ஒருவர் கையில் கோடாலி இருக்கும்போது இன்னொருவர் முன்னே போகவே கூடாது. குத்தியதை வெடுக்கென்று பிடுங்காமல், காம்பை மேலும் கீழும் அசைத்துத் தளர்த்தி எடு. முனையைக் கீழே பார்த்தபடி உடம்பை ஒட்டித் தூக்கி வா. கோடாலியைக் கைக்குக் கை மாற்றாதே. மரக்கட்டையில் வைத்துவிடு, அடுத்தவர் அங்கிருந்து எடுக்கட்டும். தெறித்து வந்தால் காலால் நிறுத்தப் பார்க்காதே, விலகி விழ விடு. மற்றவர்கள் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அம்மா அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு லேனுக்கு நான்கு பேர் போதும். அதற்கு மேல் என்றால் காத்திருந்தே கை ஆறிவிடும். ஒரு ஆட்டத்துக்கு 10 எறி. நடுவட்டம் 6 புள்ளி, வெளியே போகப் போக 4, 3, 2, 1. பலகையின் மேல்பக்கம் இரண்டு சின்னப் பொட்டுகள் இருக்கும், அதைத்தான் அடிக்கப் போகிறேன் என்று முன்பே சொல்லிவிட்டு அடித்தால் 8 புள்ளி, ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. ஒரு மணி நேரத்தில் முன்கை அசந்து கோடாலி தாழ விழ ஆரம்பிக்கும், அப்போது பத்து நிமிஷம் உட்காருங்கள்.

செருப்போடு உள்ளே விட மாட்டார்கள். விரல் மூடிய ஷூ கட்டாயம், சாதாரண கான்வாஸ் போதும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், நீள முடியைப் பின்னிவிட வேண்டும். தொளதொள ஸ்வெட்டர் கை வேண்டாம்.

எல்லோரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். சின்னவன் கேட்டு அழுவான், அதனால் அவன் வயதை முதலில் எழுது. மொத்தம் எத்தனை பேர், யார் எறிவார்கள், யார் பார்க்க மட்டும் வருகிறார்கள் என்றும் சொல். டிசம்பர் சனிக்கிழமை மாலைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், நான் இப்போதே பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
அக்கா